அண்ணி நியூட்ரிஷன் கிளப் திறக்கப் போகிறாராம்: இதில் லாபம் எங்கிருந்து வருகிறது?

பவானிக்கரை:

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணி போன வருடம் எங்கள் தெருமுனையில் இருக்கும் நியூட்ரிஷன் கிளப்பில் சேர்ந்தார். ஒரு கம்பெனியின் பவுடரை ஷேக்காகக் கலந்து கொடுத்து எடை குறைக்க வைக்கும் கடை அது, நடத்துபவரைக் கோச் என்பார்கள். காலையில் ஒரு ஷேக், ராத்திரி ஒரு ஷேக், மதியம் மட்டும் சோறு. எடை நன்றாகவே குறைந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, முட்டி வலியும் இல்லை என்கிறார். இதுவரை வீட்டில் யாருக்கும் புகார் கிடையாது.

இப்போது அவருடைய கோச், "நீங்களே ஒரு கிளப் போடுங்க, உங்க ரிசல்ட்டே உங்களுக்கு விளம்பரம்" என்கிறார். கடை அட்வான்ஸ், மேசை நாற்காலி, மிக்ஸி, எடை மெஷின், அப்புறம் கம்பெனி தரும் தள்ளுபடி கூடுகிற மேல் லெவலுக்குப் போக ஒரே தடவையில் எடுக்க வேண்டிய ஸ்டாக், எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். நகையை வைத்தால் முடிந்துவிடும். அண்ணன் வாயே திறக்கவில்லை, என்னை விசாரிக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாவற்றுக்கும் பொதுவாகவே பேசலாம். பவுடர் நல்லதா கெட்டதா என்பது என் கேள்வி இல்லை. மாதம் முப்பதாயிரம் நிற்குமா? நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பனியன்_சிட்டி:

எங்கள் தெருவில் மூன்று கிளப், இரண்டு டீக்கடை. பதில் போதுமா?

முன்னாள்_கோச்:

நான் நடத்தியது வேறு ஊர், வேறு கம்பெனியாகக்கூட இருக்கலாம். கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு ஷேக் 120 ரூபாய். தினம் 30 பேர், மாதம் 26 நாள். வரவு 93,600. பவுடர், டீ, மற்ற சரக்குக்கு அதில் 60 சதவீதம் போகிறது என்று வையுங்கள், 56,160. வாடகை பத்தாயிரம். கரண்ட், தண்ணீர் கேன், டம்ளர், கூட்டித் துடைக்கும் அம்மாவுக்குச் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஐயாயிரம். மிச்சம் 22,440. முப்பது பேர் வந்தாலே முப்பதாயிரம் நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த முப்பது பேரும் நிற்கமாட்டார்கள். திறப்பு விழா கூட்டத்தில் பாதி சொந்தக்காரர்கள், முகத்துக்காக ஒரு மாதம் குடிப்பார்கள். இருபது பேர் ஆனால் மிச்சம் 9,960. பன்னிரண்டு பேர் ஆனால் 24 ரூபாய் நட்டம். இதில் விடிகாலை ஐந்து மணிக்கு ஷட்டர் தூக்கும் அண்ணிக்குக் கூலி போடவில்லை, நகைக்கடன் வட்டியும் போடவில்லை.

இதுவரை சொன்னது கடைக் கணக்கு. இன்னொன்று லெவல் கணக்கு, ஆளை விழுங்குவது அதுதான். லெவலைத் தக்கவைக்க மாதாமாதம் இவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு இலக்கு இருக்கும். பன்னிரண்டு பேருக்கு 22,000 ரூபாய்ச் சரக்கு போதும். இலக்கு அறுபதாயிரம் என்றால் மீதி முப்பத்தெட்டாயிரத்துக்கான டப்பாக்கள் எங்கே போகும்? பரணுக்கு. மாதக் கடைசி ராத்திரி அப்லைன், அதாவது அண்ணியைச் சேர்த்துவிட்ட கோச், போன் பண்ணி, "இன்னும் கொஞ்சம்தான் மேடம், விட்டுடாதீங்க" என்பார். கிரெடிட் கார்டு வெளியே வருவது அப்போதுதான்.

அப்லைனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய கமிஷன் அண்ணி எடுக்கும் ஸ்டாக்கின் மேல் கணக்கிடப்படுகிறது. அண்ணி பணம் கட்டிய நிமிடமே கம்பெனிக்கும் அவருக்கும் வியாபாரம் முடிந்தது. அந்த டப்பா எந்த வயிற்றுக்குப் போனது, போகவே இல்லையா என்பது அவர்கள் நோட்டில் வராது.

இன்னொன்று. எடை குறைந்தவர் சந்தோஷமாக நின்றுவிடுவார், குறையாதவர் கோபமாக நின்றுவிடுவார். ரொம்ப நல்ல ரிசல்ட் வந்தவரை "நீங்களே கடை போடுங்க" என்பார்கள், இப்போது அண்ணியிடம் சொல்வது போலவே. நாளைக்கு அண்ணியின் கடையில் ஒருவர் நன்றாக இளைத்தால், அடுத்த சந்தில் அவர் பலகை மாட்டுவார். அப்லைனுக்கு அது இன்னொரு கிளை. அண்ணிக்கு அது ஒரு வாடிக்கையாளர் போய், பக்கத்திலேயே ஒரு போட்டிக் கடை.

பவானிக்கரை:

மிக்க நன்றி அண்ணா. மாத இலக்கு பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "டிஸ்கவுண்ட் லெவல்" என்று மட்டும் சொன்னார்கள். ஒரு சந்தேகம், அண்ணிக்குக் கீழே ஆள் சேர்ந்தால் அவர்கள் எடுப்பதில் அண்ணிக்குக் கமிஷன் வருமே, அது ஈடுகட்டாதா?

முன்னாள்_கோச்:

வரும் தம்பி. ஆனால் கீழே இருப்பவர் பரணிலும் டப்பா ஏறினால்தான் வரும். அதற்குச் சம்மதம் என்றால் கடை போடலாம்.

தேன்மொழி_கோச்:

இதைப் படித்துவிட்டு பேசாமல் போக முடியவில்லை. நான் இன்றைக்கும் கிளப் நடத்துகிறேன். எங்களை எல்லாம் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் மாதிரி எழுதுகிறீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று இரண்டு வார்த்தை, அடுத்த டோக்கன். எப்படிக் குறைப்பது என்று எந்த டாக்டர் உட்கார்ந்து சொன்னார்? என்னிடம் வருகிறவர்கள் தினமும் எடை பார்க்கிறார்கள், முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று வெட்கப்படாமல் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடக்கிறோம். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் காலையில் தனக்காக ஒரு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே வர வேறு என்ன இடம் இருக்கிறது, கோயிலைத் தவிர? பத்துப் பேர் முன்னால் பேசவே பயந்தவள் நான். இப்போது என் மாமியாரே மற்றவர்களிடம் என்னைக் "கோச்" என்றுதான் சொல்கிறார்.

கடன் வாங்கிக் கடை போடச் சொல்கிற அப்லைன் தப்பு, அதை நானே சொல்வேன். நான் வீட்டு முன்கூடத்தில் தொடங்கினேன், வாடகை கிடையாது. லெவலைத் துரத்தவும் இல்லை. பெரிய பணம் இல்லை, பையன் டியூஷன் ஃபீஸ் வருகிறது.

சட்டப்புள்ளி:

தேன்மொழி அக்கா சொல்வதையும் முன்னாள்_கோச் சொல்வதையும் சேர்த்து வைத்தால் ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. இந்தத் தொழிலில் உள்கணக்கு பொதுவெளியில் வந்தது அதில்தான்.

ஹெர்பலைஃப் 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் மார்க் ஹியூஸ் தொடங்கிய ஷேக் பவுடர் கம்பெனி. 2012 டிசம்பரில் பில் ஆக்மன் என்ற முதலீட்டாளர், இந்தக் கம்பெனி பங்கு விழும் என்று நூறு கோடி டாலர் பந்தயம் கட்டி, இது ஒரு பிரமிடு, அதாவது சரக்கு விற்பதில் இல்லாமல் ஆள் சேர்ப்பதில் பணம் ஓடும் திட்டம் என்று மேடை போட்டுச் சொன்னார். பங்கு அவர் நினைத்தபடி விழவில்லை, கடைசியில் நட்டத்தோடு வெளியேறினார். ஆனால் அந்த இடைவெளியில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்தது. 2016 ஜூலையில் சமரசம்: கம்பெனி 20 கோடி டாலர் கட்டியது, மறு வருடம் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேருக்கு காசோலை போனது. தவறு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. கமிஷனின் புகார் மனுவில் பிரமிடு என்ற சொல்லே இல்லை. கமிஷனின் அன்றைய தலைவி எடித் ரமிரெஸிடம் நிருபர்கள் கேட்டபோது, பிரமிடு இல்லை என்று நாங்கள் தீர்மானித்ததாகவும் கிடையாது என்கிற மாதிரி பதில் சொன்னார்.

பவானிக்கரைக்கு வேண்டியது இதில் ஒரு பத்திதான். கம்பெனி தானே எடுத்த ஆய்வின்படி, அங்கே ஒரு நியூட்ரிஷன் கிளப் திறக்கச் சராசரியாக 8,500 டாலர் ஆனது. அன்றைய மதிப்பில் ஐந்தரை லட்சத்துக்கு மேல். நடத்தியவர்களில் 57 சதவீதம் பேர் லாபமே இல்லை, அல்லது நட்டம் என்றார்கள். எதிரிகள் சொன்ன கணக்கு இல்லை, கம்பெனியின் சொந்த ஆய்வு.

சமரசத்தில் போட்ட நிபந்தனைகள் இன்னும் சுவாரசியம். விநியோகஸ்தருக்குத் தரும் வெகுமதியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, உண்மையான வாடிக்கையாளருக்கு விற்றதாக ரசீதோடு நிரூபித்த விற்பனையின் மேல்தான் இருக்க வேண்டும். ஒருவர் சேர்ந்து ஒரு வருடம் ஆகி, தொழில் பயிற்சியும் முடிக்காமல் கிளப்புக்காக இடம் வாடகைக்கு எடுக்கவே கூடாது. அண்ணியின் கோச் சொல்வதற்கு நேர் எதிர்.

இது அமெரிக்காவில், அந்த ஒரு கம்பெனிக்கு. இங்கே செல்லாது.

பனியன்_சிட்டி:

அப்போ இங்கே எது செல்லும் வக்கீல் சார்?

சட்டப்புள்ளி:

வக்கீல் இல்லை, குமாஸ்தா. இங்கே 1978-லேயே பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. இப்படி ஆள் மூலம் சரக்கு விற்கும் நேரடி விற்பனைக்கென்று 2016-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள், 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்தன. ஆளைச் சேர்த்ததற்கு என்று பணம் தரக் கூடாது, நியாயமான காலத்தில் விற்றுவிடக் கூடிய அளவுக்கு மேல் சரக்கைத் தலையில் கட்டக் கூடாது என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டபின் மனசு மாறினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசமும் உண்டு. ஒப்பந்தத்தில் அது எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் 1954-ஆம் வருட மாய மருந்து விளம்பரச் சட்டம். குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், மருந்து என்று இருக்காது. உணவு என்று உணவுப் பாதுகாப்பு ஆணைய எண் இருக்கும். சர்க்கரை போச்சு, தைராய்டு போச்சு என்பதெல்லாம் டப்பாவில் இல்லை, வாயில்தான்.

ஜிம்_போகாதவன்:

இதற்கு ஏசி போட்ட ஸ்லிம்மிங் சென்டர் பரவாயில்லை என்பேன். பேக்கேஜ் வாங்கினோமா, மெஷினில் படுத்தோமா, வந்தோமா. நம்மை யாரும் ஏஜெண்ட் ஆக்குவதில்லை.

சட்டப்புள்ளி:

கொழுப்பை உறைய வைக்கும் மெஷின் விளம்பரத்துக்காக 2025-ல் விஎல்சிசி, காயா என்ற இரண்டு அழகு நிலையக் கம்பெனிகளுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா மூன்று லட்சம் அபராதம் போட்டது, பார்க்கவில்லையா? விஎல்சிசி விளம்பரத்தில் ஒரே அமர்வில் 600 கிராம், 7 சென்டிமீட்டர் வரை குறையும் என்று இருந்தது. அந்த மெஷினுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்ததே அங்கங்கே திரண்டிருக்கும் கொழுப்பைக் குறைக்கத்தான், எடைக் குறைப்புக்கு இல்லை. மூன்று லட்சம் அவர்களுக்கு எத்தனை பேக்கேஜ் விற்ற காசு என்று நீங்களே சொல்லுங்கள்.

கம்பங்கூழ்:

அரசு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் இருக்கிறேன். கடைக் கணக்கு எனக்குத் தெரியாது, எடை மெஷின் கணக்கு தெரியும்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ போச்சு என்று எல்லாரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று ஒரு சேமிப்பு இருக்கிறது, அரைக்கிலோ வரை. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் காலியாவது அதுதான், கூடவே தண்ணீரும் போகும். கொழுப்பு அதற்கப்புறம் மெதுவாகத்தான் கரையும். ஆக, எந்தப் பவுடரும் இல்லாமல் கஞ்சி குடித்தாலும் முதல் வாரம் இதே ரிசல்ட் வரும். அந்த முதல் வாரத்தில்தான் அடுத்த மாதப் பணத்தை வாங்குகிறார்கள்.

கையில் பிடிக்கிற மெஷின், ஓம்ரான் காரடா ஸ்கேன் மாதிரி. அது உடம்பில் லேசான மின்சாரம் விட்டு, வருகிற தடையை வைத்துக் கொழுப்பை மதிப்பிடுகிறது. நிறைய தண்ணீர் குடித்திருந்தால், வியர்த்திருந்தால், சாப்பிட்டிருந்தால் எண் மாறும். அதில் "உடல் வயது 58" என்று வந்ததும் நாற்பது வயதுப் பெண் அழுதுவிடுகிறார். அந்த எண்ணை வைத்து எந்த டாக்டரும் வைத்தியம் செய்வதில்லை.

தேன்மொழி சொன்னதில் ஒன்று உண்மை, எனக்கு உறைக்கிறது. எங்கள் ஓ.பி.யில் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசவே நேரம் கிடைப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது பருமன். முந்தைய ஆய்வில் 30.9. இத்தனை பேருக்கு உட்கார்ந்து பேச அரசாங்கத்தில் ஆள் இல்லை, கிளப்பில் ஆள் இருக்கிறது.

ஆனால் தயவுசெய்து ஒன்று. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரிடம் சொல்லாமல் இரண்டு வேளை ஷேக்குக்கு மாறினால், மாத்திரை அதே அளவு, சாப்பாடு பாதி. சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுவார்கள். எங்கள் வார்டுக்கு வந்திருக்கிறார்கள். கோச்சிடம் கேட்டால் "உடம்பு நச்சை வெளியேத்துது" என்றாராம்.

தேன்மொழி_கோச்:

என் கிளப்பில் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களை டாக்டர் சீட்டு இல்லாமல் சேர்ப்பதில்லை. எல்லா கோச்சும் ஒன்று இல்லை.

கம்பங்கூழ்:

நல்லது. உங்கள் டீமில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

மருந்துக்கடை_ராத்திரி_ஷிப்ட்:

இங்கே யாரும் எடை குறைக்கும் ஊசி பற்றிப் பேசவில்லையே. இந்தக் கடைகளை எல்லாம் மூடப் போவது அதுதான் என்பது என் எண்ணம்.

1963-ல் நியூயார்க் குயின்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத்தலைவி தோழிகளை உட்கார வைத்துப் பேசியதில் தொடங்கியது வெயிட் வாட்சர்ஸ். தேன்மொழி அக்கா கிளப் மாதிரியேதான், வாரம் ஒரு கூட்டம், ஒரு எடை மெஷின். 1978-ல் ஹைன்ஸ் கம்பெனியே வாங்குகிற அளவுக்கு வளர்ந்தது. ஊசி வந்ததும் தள்ளாட ஆரம்பித்து, 2023-ல் அதே ஊசியை எழுதிக்கொடுக்கிற ஆன்லைன் கம்பெனி ஒன்றை வாங்கிப் பார்த்தது. 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது, நூறு கோடி டாலருக்கு மேல் கடன்.

இங்கே 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற ஊசி வந்தது. அறிமுக விலை 2.5 மில்லிகிராம் குப்பி 3,500, ஐந்து மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று. அதாவது தொடக்க மாதமே 14,000. ஜூனில் வெகோவி என்ற இன்னொரு ஊசி. அதில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் உள்ளூர் கம்பெனிகள் முன்கூட்டியே வரிசை கட்டின. விலை இறங்க இறங்க மாதம் ஆறாயிரம் ஷேக்குக்குக் கொடுப்பவர் எந்தப் பக்கம் போவார்?

கம்பங்கூழ்:

ஊசியும் நிறுத்தினால் திரும்பி வருகிறது ஐயா. செமாக்ளூடைடு பெரிய பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை நிறுத்தியபின் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருந்து வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரஷர் மாத்திரை மாதிரி நீண்ட நாள் எடுப்பது என்று தெரிந்துதான் ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்காதீர்கள், அது போதும்.

மருந்துக்கடை_ராத்திரி_ஷிப்ட்:

நான் விற்பதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கு, ஊசி இருக்கா என்று போனில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தை வாட்ஸ்அப்பில் வாங்கி பஸ் பார்சலில் வரவழைத்ததாகவும் ஒருவர் பெருமையாகச் சொன்னார்.

பனியன்_சிட்டி:

இன்னும் ஒரு வருடம் போனால் கிளப் போர்டிலேயே "ஊசி போட்டவர்களுக்கான புரோட்டீன் ஷேக்" என்று எழுதுவார்கள். பார்த்துக்கொண்டே இருங்கள்.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. முன்னாள்_கோச் அண்ணாவின் கணக்கை ஒரு தாளில் எழுதி, அண்ணியை உட்கார வைத்துக் காட்டினேன். கோபப்பட்டார். "நான் இளைச்சது உங்க யாருக்கும் பிடிக்கலை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவரே கோச்சுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் மூன்று கேள்வி கேட்டார். மாத இலக்கு எவ்வளவு, விற்காத டப்பாவைத் திரும்ப எடுப்பீர்களா, உங்கள் கடையில் போன மாதம் தினமும் எத்தனை பேர் வந்தார்கள். முதல் இரண்டுக்கும் "நேரில் வாங்க பேசலாம்". மூன்றாவதுக்கு, நெகட்டிவாகப் பேசுகிறவர்களோடு பழகாதீர்கள் என்று அறிவுரை.

கடை இப்போதைக்கு இல்லை. ஆனால் வீட்டிலேயே, தேன்மொழி அக்கா சொன்ன மாதிரி, தெரிந்த நாலைந்து பேருக்குப் போட்டுக் கொடுக்கிறேன் என்கிறார். ஸ்டாக் எடுக்காமல் அப்படிச் செய்ய முடியுமா?

தேன்மொழி_கோச்:

முடியும். வாரத்துக்கு வேண்டியது மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். லெவல் ஏறச் சொல்லி மாதக் கடைசியில் போன் வரும், எடுக்க வேண்டாம்.

முன்னாள்_கோச்:

பில் எல்லாம் அண்ணி பெயரில், அண்ணி போனில் வர வேண்டும். கம்பெனி ஐடி, பாஸ்வேர்டு எதையும் அப்லைனிடம் கொடுக்கக் கூடாது. மாதக் கடைசியில் நமக்கே தெரியாமல் நம் ஐடியில் ஆர்டர் விழும், டப்பா வேறு வீட்டுக்குப் போகும், பணம் பிறகு கேட்பார்கள்.

பவானிக்கரை:

ஐடி போட்டதே அந்த கோச்தான். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது.

முன்னாள்_கோச்:

அப்படியானால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள் தம்பி, மாதம் முடிய நாலு நாள்தான் இருக்கிறது.